ஒருமுறை மின்னினால் பூட்டு

ஒரு தடவைதான் மின்னியது. வசந்தாமணி அதை நன்றாகவே பார்த்தாள், முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நாலு மஞ்சள் விளக்கும் ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டின, டக்கென்று நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்ட சத்தமும் காதில் விழுந்தது, ஆகவே பூட்டியாயிற்று, ஒருமுறை மின்னினால் பூட்டு, இருமுறை மின்னினால் திறப்பு, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று லேபின் இரண்டாம் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தனக்குத்தானே மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டாள். டோக்கன் முப்பத்தெட்டு. இப்போது நடப்பது முப்பத்து மூன்று. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும், பன்னிரண்டு அடித்தால் கோயமுத்தூருக்குக் கிளம்பிவிடுகிற மனிதர் அவர், அதனால்தான் வீட்டுக்காரரை இறக்கி ஏற்றுகிற பாடு வேண்டாமென்று காரிலேயே உட்கார வைத்து, கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, பத்தே நிமிஷம், இதோ வந்தர்றனுங் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆடி மாதத்துப் பொள்ளாச்சி, வெயில் என்ற பேச்சே கிடையாது, லேபுக்குப் பின்னால் இருக்கிற காலியிடத்தில் புங்கமரத்தடியில் வண்டி நிற்கிறது, காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, உள்ளே இருக்கிறவருக்கு வேர்க்கக்கூட வேர்க்காது. அதெல்லாம் சரி. ஆனால் பூட்டினோமா. இந்தக் கேள்வி அவளுடையதே அல்ல, அவருடையது, நாச்சிமுத்துவினுடையது. மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர், தான் முறுக்கிய நட்டையே இன்னொரு தடவை முறுக்கிப் பார்க்காமல் நகராதவர். ரிமோட்டை அழுத்துவார், மின்னும், டக்கென்று கேட்கும், ஊரில் மற்ற மனுஷர்கள் அத்தோடு நடையைக் கட்டுவார்கள், இவர் மட்டும் வண்டியை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, டிரைவர் கதவு, பின் கதவு, அந்தப் பக்கத்துப் பின் கதவு, முன் கதவு என்று நாலு கைப்பிடியையும் வலது கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கல்யாண மண்டபத்திலும் இதுதான், எழவு வீட்டிலும் இதுதான். "பிள்ளையார் கோயிலச் சுத்தறாப்பல சுத்தறீங்களே, துண்ணூறு குடுப்பாங்களா" என்று அவள் கேட்பாள். "மின்னறது வண்டி பாக்கற வேல, இழுத்துப் பாக்கறது நம்ம வேல" என்பார். நாலு வருஷம் அவள் அதைக் கிண்டல் பண்ணினாள். இப்போது அந்தக் கிண்டலுக்கு ஆளில்லாமல், இழுத்துப் பார்க்காமல் வந்தது தன் தப்புதானோ என்று இருக்கிறது.

ஆனால் சாவியின் பேரில் அவளுக்குத் தனி மரியாதை உண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், அதில் முதல் ஒன்பது வருஷம் போர்டுக்கு முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ட்ரங்க் கால் போட்டவள், ஒரு குரல் இன்னொரு குரலைத் தேடிப் போய்ச் சேருவது லேசுப்பட்ட காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து ஒருவர் மழையில் கரைந்துபோன குரலில் ஒரு நம்பரைச் சொல்வார், அதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் ஆமென்ற பிறகுதான் கம்பியைச் செருக வேண்டும், திருப்பிச் சொல்லாமல் கொடுத்தால் சூப்பர்வைசர் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சாவிக்கு பேட்டரி மாற்றப் போன இடத்தில் மெக்கானிக் அவளை என்னவோ விஷயம் தெரியாத பொம்பளை என்று நினைத்துத்தான் பேச்சுக் கொடுத்தான். ஒவ்வொருக்கா அழுத்தறப்பவும் இது புது நம்பர் சொல்லுதுங்கம்மா, நேத்துச் சொன்னத இன்னைக்குச் சொல்லாது என்றான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாவிக்கும் வண்டிக்கும் மட்டும் தெரிந்த ஒரு வரிசை இருக்கிறதாம், சாவி அடுத்ததைச் சொல்ல, வண்டி தன்னிடம் இருக்கிற அடுத்ததோடு ஒத்துப் பார்த்துக்கொண்டுதான் பூட்டுமாம், திறக்குமாம். எவனாவது ஒளிந்து நின்று அந்த நம்பரைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளைக்கு வந்து சொன்னால், அது முடிந்துபோன நம்பர், வண்டி மதிக்காது. அப்படியானால் ஓசூரிலிருந்து வந்த பேத்தி வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சாவியை ஐம்பது தடவை அமுக்கி விளையாடினாளே, சாவி ஐம்பது நம்பர் முன்னால் போயிருக்குமே, தெருவில் நின்ற வண்டிக்கு அது ஒன்றும் கேட்டிருக்காதே, அப்புறம் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டாள். அவன் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். "நீங்க என்ன வேல பாத்தீங்கம்மா?" சொன்னாள். அதற்குப் பிறகுதான் மரியாதையாகப் பதில் வந்தது. "வண்டி கொஞ்ச தூரம் முன்னால போயித் தேடிப் பாக்குங்கம்மா. இது எங்கியோ தனியாப் பேசீட்டு வந்திருக்குன்னு புரிஞ்சுக்கும். ரொம்பத் தொலவு போயிருச்சுன்னாத்தான் ரெண்டையும் பக்கத்துல வெச்சு மறுக்காப் பழக்கோணும்." அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. இத்தனூண்டு சாவி, சின்னப் பிஸ்கட் அளவுகூட இருக்காது, அதற்குள் இத்தனை நாணயம். தேடிப் பார்க்குமாமே, புரிந்துகொள்ளுமாமே. கட்டின மனுஷர்களுக்குள்ளேயே இது நடப்பதில்லை.

முப்பத்து நாலு என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கூப்பிட்டாள். ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார், வசந்தாமணி அந்தத் தடியையே பார்த்தாள். வீட்டுக்காரரிடமும் ஒன்று இருக்கிறது, கீழே நாலு கால் வைத்தது, ஒவ்வொரு காலுக்கும் ஒரு ரப்பர் தொப்பி, இடது கையில் பிடித்து நடப்பதற்கென்று வாங்கியது. இப்போது அது காரில் அவர் முழங்காலுக்கு நடுவே சும்மா நிற்கிறது. மார்கழியில் ஒரு விடியற்காலை, காப்பி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவியது. டம்ளர்தானே என்று அவள் துணியை எடுத்துத் துடைத்தாள், துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, அந்தத் துடைத்த நிமிஷத்துக்காக அவள் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை. ஏழு மாதம் ஆயிற்று. கால் வந்துவிட்டது, தடியோடு பத்து எட்டு எடுத்து வைப்பார், எழுப்பி நிறுத்தினால். வலது கையிலும் பலம் வந்துவிட்டது, பந்தைக் கொடுத்தால் அமுக்குவார், கொடுத்தால். எழுப்பாவிட்டால் எழமாட்டார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார், விசிறியைப் போடாவிட்டால் வேர்த்து ஊற்ற அப்படியே உட்கார்ந்திருப்பார். பேச்சில் இரண்டு வார்த்தை மிச்சம். எதற்கும் சரி என்பார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் கொடை என்பார், சாப்பாட்டுக்கும் கொடை, விளக்கை அணைக்கவும் கொடை, மழைக்கே குடை பிடிக்காத மனுஷர் வாயில் எங்கிருந்து வந்து குந்திக்கொண்டதோ அந்தக் குடை. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி செய்ய வருகிற ஸ்டெல்லா போன வாரம் வாசற்படியில் நின்று மெதுவாகச் சொன்னாள், "கையி காலெல்லாம் ஒத்துழைக்குதுங்கம்மா. அவரா ஒண்ணு செய்யோணும்னு நெனைக்க மாட்டீங்கறாரு. ஒரே ஒருக்கா அவரா எதையாச்சும் செஞ்சுட்டாருன்னா அப்பறம் புடிச்சுக்குவாரு. அதுதான் வரோணும்." அதுதான் வரவேண்டும். அன்றிலிருந்து வசந்தாமணி வீட்டில் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். குழாயைச் சொட்டச் சொட்ட விட்டாள், ஃபிட்டருக்குப் பொறுக்காது என்று நினைத்து. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கைக்கெட்டும் தூரத்தில் துடைக்காமல் வைத்தாள். அவர் குழாயைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இந்த ஏழு மாதத்துக்கு நடுவில் அவள் கார் ஓட்டப் படித்தாள், அறுபத்து மூன்று வயதில், காலேஜ் பிள்ளைகளோடு பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து. அதைப் பற்றி அவளுக்குப் பெருமை இருக்கிறது, ஏன் இருக்கக்கூடாது. முதல் நாள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப்போய் நிறுத்தி, இறங்கி, சாவியை அழுத்தி, மின்னியதும் திரும்பிப் பார்த்து, எப்படிங் என்றாள். சரி என்றார். அவர் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பழக்கமே வந்தது, எறங்குனா பூட்டு, எறங்குனா பூட்டு என்று நாலு வருஷம் காதில் ஓதி ஓதி, இப்போது கதவைச் சாத்தின மாத்திரத்தில் கட்டை விரல் தன்னால் அழுத்திவிடுகிறது, புத்தியைக் கேட்பதே இல்லை. இன்றைக்கும் அப்படித்தான், கதவைச் சாத்தினாள், அழுத்தினாள், மின்னியது, படியேறினாள். பூட்டியாயிற்று. பூட்டியாயிற்று, ஆனால், அட ராமா, உள்ளே ஆள் இருக்கிறதே. அவளுக்கு ஒரு கணம் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே ஆளை வைத்துப் பூட்டக்கூடாது என்று அந்த வண்டியோடு வந்த புத்தகத்தில் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது, அவளே படித்திருக்கிறாள். பூட்டிக் கொஞ்ச நேரத்தில் முன்னால் ஒரு சிவப்புப் பொட்டு மினுங்க ஆரம்பிக்கும், மினுங்கினால் காவல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் சாவி சொல்லாமல் எந்தக் கதவு திறந்தாலும் வண்டி ஊரைக் கூட்டிவிடும், வெளியிலிருந்து திருடன் திறந்தாலும் ஒன்றுதான், உள்ளேயிருந்து உரிமைக்காரர் திறந்தாலும் ஒன்றுதான், அதற்கு ஆள் யாரென்று தெரியாது, நம்பர் கேட்டதா இல்லையா, அவ்வளவுதான். அவர் ஒருவேளை கதவைத் திறந்தால். திறக்கமாட்டார். ஏழு மாதத்தில் ஒரு கதவையும் திறக்காதவர் இன்றைக்குத்தானா திறக்கப் போகிறார். திறக்கமாட்டார் என்பது அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அப்படி நிம்மதியாக இருந்ததை நினைத்து நெஞ்சு குறுகுறுத்தது. புருஷன் ஒரு கதவைத் திறக்கமாட்டார் என்பதில் என்ன நிம்மதி வேண்டிக் கிடக்கிறது. சாமான் மாதிரியல்லவா வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

எழுந்தாள். "முப்பத்தெட்டு இன்னும் வரலீங்கம்மா" என்றாள் கவுன்ட்டர் பெண். "இல்ல கண்ணு, கீழ ஒரு நிமிசம்." "போனீங்கன்னா நம்பர் தாண்டிரும். அப்பறம் கடைசீலதான் வரோணும். சாருக்கே அதுதான் சட்டம்." எந்த சாருக்கோ. லிஃப்ட் வேறு ஓடவில்லை, இறங்கி ஏறினால் முழங்கால் ஒரு பாட்டுப் பாடும், பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம்தான் இருக்கிறது. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு, அதுவரைக்கும் போனாள். புங்கமரம் காற்றில் தலையை விரித்துப் போட்டு ஆடுகிறது, கிளைக்குக் கீழே வண்டியின் பின்பக்கம் மட்டும் தெரிகிறது, நம்பர் பலகையும் இரண்டு விளக்கும். அவர் தெரியவில்லை. இங்கிருந்து கேட்குமா. கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டித் திறக்கிற பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டி அழுத்தினாள், விளக்கு இரண்டு தடவை மின்னியது. அப்பாடா. இத்தனை இலைக்கும் காற்றுக்கும் நடுவே போய்ச் சொல்லிவிட்டதே, முதலில் சொன்னது கேட்காமல் வீணாய்ப் போயும் அடுத்ததைக் கேட்டுக்கொண்டதே, சமர்த்து, சமர்த்து என்று சாவியைப் புடவையில் துடைத்தாள். இனிமேல் பூட்டில்லை, காவலில்லை, அவர் பாட்டுக்கு இருக்கலாம், வேண்டுமென்றால் இறங்கலாம், எதற்கு இறங்கப் போகிறார், இருந்தாலும் இறங்கலாம். மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிறது, கண்ணாடி நாலு விரல் திறந்திருக்கிறது, தூறல் விழுந்தால் தோளில் படுமே என்று வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கீழே பார்த்தபோது விளக்கு ஒரு தடவை மின்னியது. யாரும் தொடவில்லை. அவள் தொடவில்லை. அப்போதுதான் அதுவும் ஞாபகம் வந்தது, சாவியால் திறந்து அரை நிமிஷத்துக்குள் எந்தக் கதவும் திறக்கப்படாவிட்டால், இது தெரியாமல் அழுத்திவிட்டது போலிருக்கிறது என்று வண்டி தானே முடிவு செய்து பூட்டிக்கொள்ளும், காவலையும் போட்டுக்கொள்ளும். எவன் யோசித்தானோ, எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறான். மனுஷன் கை தவறும், பையில் கிடக்கிற சாவி எதிலாவது பட்டு அழுந்தும், மறதி வரும், எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைத்து வைத்திருக்கிறான், அவனைப் பார்த்தால் கும்பிடலாம், ஆனால் திறந்துவிட்டும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷர் இருப்பார் என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை. அரை நிமிஷம் கதவு திறந்து கிடந்தது. ஏழு மாதமாக அவள் எல்லாக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். சாவியை மறுபடி நீட்டப் போனவள் நீட்டவில்லை. எத்தனை தடவை அழுத்துவது, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டு இங்கேயே நிற்பதா. உள்ளே டக் டக்கென்று கேட்டு அவருக்கு என்ன தோன்றும். ஒன்றும் தோன்றாது. சரி என்பார்.

"முப்பத்தெட்டு. அம்மா, முப்பத்தெட்டு." நடுவில் மூன்று பேர் வரவில்லை போலிருக்கிறது. கவுன்ட்டருக்குப் போனாள், பெயர் என்றாள் அந்தப் பெண், நாச்சிமுத்து என்றாள், வயசு, அறுபத்தாறு, இந்த எடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க, பேனாவை எடுத்து முதல் எழுத்தை எழுதும்போது கீழே ஒரு வண்டி கத்தியது. ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு நாளைக்கு நூறு ஹாரன் கேட்கிறது, ஆனால் இது விட்டு விட்டு, மூச்சுப் பிடித்துக் கத்துகிற சத்தம், வரிசையில் இருந்த ஒருத்தர், "எவனோ வண்டிய ஒரசீட்டான்" என்றார், பக்கத்தில் இருந்தவர், "பூனை ஏறுனாக்கூடக் கத்துமுங்" என்றார். அவள் பேனாவைப் போட்டுவிட்டாள். பூனையா, திருடனா, நாயா, இறங்கப் பார்த்துக் கீழே விழுந்துவிட்டாரா, தலை கல்லில் பட்டிருக்குமா, டம்ளர் உருண்ட மாதிரி உருண்டு கிடக்கிறாரா, இந்தத் தடவையும் நான் துணியைத் தேடிக்கொண்டிருந்தேனா. "அம்மா, ரிப்போர்ட்டு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. படித் திருப்பத்தில் ஜன்னல். கையில் சாவி, இங்கிருந்து அழுத்தினால் நின்றுவிடும், கை நீட்டினால் போதும், கட்டை விரல்கூடப் பொத்தானுக்குப் போய்விட்டது. அழுத்தவில்லை. வாயை மூடிவிட்டால் அப்புறம் அங்கே என்ன நடக்கிறது என்று யார் எனக்குச் சொல்லுவார்கள், கத்து, நான் வருகிற வரைக்கும் கத்து, தங்கமே, விடாமல் கத்து என்று வண்டியிடம் கெஞ்சிக்கொண்டே கைப்பிடியைப் பற்றி இறங்கினாள். முழங்கால் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

காலியிடத்தில் காற்று மண்ணை வாரி இறைத்தது. நாலு விளக்கும் மின்னி மின்னி, வண்டி ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது, சீட்டில் ஆளில்லை. கீழே பார்த்தாள், தரையில் ஆளில்லை. வண்டியைச் சுற்றி ஓடியவள் நின்றாள். நாச்சிமுத்து டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டியின் முன்புறமாக வலம் வந்திருக்கிறார், கை வைத்து வந்த இடமெல்லாம் முகப்பில் படிந்த தூசியில் கோடு கிழித்திருந்தது. இடது கையில் நாலு கால் தடி. இடது கை தடியைப் பிடித்திருந்ததால் வேறு வழியில்லாமல், வலது கை, பந்தைக் கொடுத்தால்தான் அமுக்குகிற அந்த வலது கை, கதவின் கைப்பிடியைப் பற்றியிருந்தது. இழுத்தார். பூட்டித்தான் இருந்தது. விரல் வெள்ளையாகிற அளவுக்கு இன்னொரு தடவை இழுத்தார். தன் கதவு திறந்து கிடப்பதும் அது ஊரைக் கூட்டுவதும் அவருக்குப் பொருட்டாகவே இல்லை. யாரும் தொடாமலே திறந்து, யாரும் தொடாமலே பூட்டிக்கொண்ட வண்டியை எந்த ஃபிட்டர்தான் நம்புவான். அவள் மேலேயிருந்து அழுத்தியது அவருக்கு எங்கே தெரியும். தலையை மெதுவாகத் திருப்பி அவளைப் பார்த்தார். பழைய பார்வை, எறங்குனா பூட்டு என்கிற பார்வை, அவள் பார்த்து ஏழு மாதமான பார்வை. வாய் கோணிக்கொண்டு எதையோ தேடியது, கொடை என்று வரப்போகிறது என்று நினைத்தாள். "நீ" என்றார். இன்னும் தேடினார். "நீ... பூட்ல."

வசந்தாமணிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, வந்ததை அவள் அடக்கவும் இல்லை. "ஆமாங்" என்றாள், ஹாரனுக்கு மேலே குரலை உயர்த்தி, "நான் பூட்டலீங். எனக்குப் பூட்டத் தெரியலீங்." வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. பொத்தானை அழுத்தினாள், சத்தம் நின்றது, புங்க இலைகளின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. மாடி ஜன்னலிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள், பன்னிரண்டு அடித்திருக்கும், டாக்டர் போனால் போகட்டும், நாளைக்கும் டாக்டர் இருப்பார். அவர் அவளுக்காக நிற்கவில்லை. தடியை எடுத்து வைத்தார், காலை எடுத்து வைத்தார், பின் கதவுக்குப் போய் இழுத்தார், அவள் பொத்தானை அழுத்தியதில் பூட்டு விலகியிருந்ததால் அது திறந்துகொண்டுவிட்டது, முறைத்தார், வலது தோளால் தள்ளிச் சாத்தினார். எழுப்பி நிறுத்தினால் பத்து எட்டு நடப்பவர். அவள் பின்னாலேயே போனாள், பிடிக்கவில்லை, பிடிக்கத் துடித்த கையைச் சாவியோடு மூடி வைத்துக்கொண்டாள். மூன்றாவது கதவு. பிறகு அவருடைய கதவு, தானே திறந்துவிட்டு வந்த கதவு, அதை அவர் யாரோ பொறுப்பில்லாதவன் விட்டுப்போன கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சாத்தினார். சாத்திவிட்டு அவள் கையைப் பார்த்தார். அவள் சாவியை நீட்டி அழுத்தினாள். நாலு விளக்கும் ஒரு தடவை மின்னின, நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. நாச்சிமுத்து நம்பவில்லை. வலது கையால் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்.